சாக்கிலிருந்த பூட்டு

அந்தக் கடையில் பழைய சாமான் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது: கடைக்காரர் உட்காரும் நாற்காலி. மற்றதெல்லாம் பார்வைக்குத்தான் கிழடு. கதவுக் கைப்பிடி, குமிழ், கீல், ஜன்னல் கொக்கி, தாழ்ப்பாள், சாவித் துளைக்கு மேலே தொங்குகிற சின்னத் தகடு எல்லாமே போன மாதம் கடையின் பின்கட்டில் வார்த்தவை, போன வாரம் வயசானவை. இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. ஒவ்வொரு பெட்டியிலும் ‘பழைய மாதிரி’ என்று அச்சடித்திருக்கும். இரண்டாவது சொல் கொஞ்சம் சின்ன எழுத்தில் இருக்கும், அவ்வளவுதான்.

பழைய பெரிய வீடுகளை வைத்திருப்பவர்கள்தான் வாடிக்கைக்காரர்கள். அந்த வீடுகளைப் பாதுகாக்க ஒரு குழு இருந்தது. வீட்டில் எதை மாற்றினாலும் பழையதைப் போலவே இருக்க வேண்டும் என்பது குழுவின் சட்டம். புதுக் கைப்பிடி போட்டால் குழு அனுமதிக்காது. பழைய கைப்பிடியே இருந்தால் வீட்டுக்காரியின் கையைக் கிழிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவிலிருந்த சந்துக்குள் கடைக்காரர் கடை போட்டிருந்தார். கடைத்தெருவில் அவருக்கு ‘பழசு’ என்று பெயர். “பழசு வந்தாச்சா?” என்று எதிர்க்கடையில் கேட்டால், “வந்தாச்சு, இன்னும் காயலை” என்று பதில் வரும். அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரிக்கிறவனிடம் விலை பேசுவது கஷ்டம் என்று அவருக்குத் தெரியும்.

பின்கட்டில் சாமான்களைக் கிழடாக்குகிறவருக்கு மூக்கன் என்று பெயர். முகத்தில் பாதி மூக்கு. ஆனால் அதில் வாசனை ஏறி வருஷக்கணக்காகிவிட்டது. அமிலத் தொட்டியும் புகைப் பெட்டியும் பித்தளையை விட்டுவிட்டு முதலில் அந்த மூக்கைத்தான் கிழடாக்கின. கொண்டுவந்த சாப்பாடு ஊசிப்போயிருந்தாலும் பக்கத்தில் இருப்பவன் முகத்தைச் சுளித்தால்தான் அவருக்குத் தெரியும்.

வேலைமுறை இதுதான். பூட்டு என்றால் தகடு, நிலையில் போய்ச் செருகும் நாக்கு, ஸ்பிரிங், மூடி என்று எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்துப் போட்டுக்கொள்வார். பித்தளையை மட்டும் அமிலத்தில் முக்கி எடுப்பார். பிறகு சோடா உப்புத் தண்ணீரில் மூன்று நான்கு அலசல். காயவைத்து, எண்ணெய் தடவி, அதற்குப் பிறகுதான் மாட்டுவார். முக்கி எடுக்க ஒரு நிமிஷம் போதும். அலசவும் காயவைக்கவும்தான் நாள் பிடிக்கும். கிழடாக்குவது சுலபம், அதை நிறுத்துவதுதான் பாடு.

அந்த மழைக்காலத்துக்கு முன்பு ஒரு காண்ட்ராக்டர் வந்தார். ஒரே தெருவில் வரிசையாகப் பல பழைய வீடுகளைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். குழு பார்வைக்கு வருவதற்குள் எல்லா அறைக்கும் பெட்டிப்பூட்டு வேண்டும் என்றார். கதவின் உட்பக்கம் ஒரு சின்னப் பெட்டியைத் திருகி வைத்த மாதிரி இருக்கிற பூட்டு அது. கடைக்காரர் யோசிக்கவே இல்லை. “பண்ணிடலாம்” என்றார். காண்ட்ராக்டர் போனபிறகுதான் யோசித்தார். யோசித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனார்.

“மூக்கா, பிரிச்சுப் பிரிச்சு முக்கினா இந்த ஜென்மத்துல முடியாது. பூட்டை மாட்டிட்டு, முழுசா முக்கிடு.”

“மாட்டிட்டு முக்கினா உள்ளே தண்ணி நிக்குமே மொதலாளி.”

“உள்ளே யாரு பாக்கப் போறா? குழுத் தலைவர் பூட்டைப் பிரிச்சா பாப்பாரு? தடவிப் பாப்பாரு, தலையாட்டுவாரு, காபி குடிப்பாரு, போயிடுவாரு.”

“அலசுற தண்ணி உள்ளே போகாது. அமிலம் அங்கேயே உக்காந்துக்கும்.”

“நீ முக்கு. மீதியை நான் பேசிக்கறேன்.”

அவர் வியாபாரமே அந்த ஒரு சொல்லில்தான் நடந்தது. சரக்கு தாமதமானால் பேசிக்கொள்வார். கைப்பிடி கோணினால் பேசிக்கொள்வார். அப்பா அவருக்கு விட்டுப்போன சொத்தில் கடை பாதி, வாய் பாதி.

பூட்டுகள் அற்புதமாக வந்தன. ஓரங்களில் பச்சை, நடுவில் தேன் நிறம், சாவித் துளையைச் சுற்றிக் கறுப்பு. நாலு தலைமுறை விரல்கள் தடவித் தடவித் தேய்ந்தது போல மூக்கன் விளிம்பை அரத்தால் லேசாக இழுத்து வைத்திருந்தார். குழுத் தலைவர் தடவிப் பார்த்தார், தலையாட்டினார், காபி குடித்தார். “அசலே தோத்துப்போகும்” என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு பூட்டு திரும்பி வந்தது. திறக்கவில்லை என்று கதவிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். மூடியைப் பெயர்த்துப் பார்த்தால் ஸ்பிரிங் இருந்த இடத்தில் சிவப்பாகக் கொஞ்சம் பொடி. நாக்கு பெட்டியோடு ஒட்டிப் பச்சையாகப் பொங்கியிருந்தது. கடைக்காரர் முகத்தருகே கொண்டுபோனார். சுரீர் என்று நெடி ஏறிற்று. மூக்கனிடம் நீட்டினார். மூக்கன் முகர்ந்து பார்க்கக்கூட இல்லை, கண்ணால் பார்த்தார்.

“இன்னும் வயசாகிட்டே இருக்கு மொதலாளி. நாமதான் நிறுத்தலையே.”

“எல்லாமே இப்படி ஆகுமா?”

“எல்லாத்தையும் ஒரே தொட்டியிலதானே போட்டேன்.”

இங்கே கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கே வேலையைத் தொடங்கினார். வீடு வீடாகப் போனார். ‘மழைக்கு முந்தைய இலவச சர்வீஸ்’ என்றார். அலசிக் காயவைத்த நல்ல பூட்டுகளைச் செய்து மாட்டினார், கெட்டதைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஒன்றுகூட விடவில்லை. வீட்டுக்காரர்கள் நெகிழ்ந்துபோனார்கள். இந்தக் காலத்தில் விற்றபிறகு எவன் திரும்பி வருகிறான்? அந்த சர்வீஸில் அவருக்குப் புதிதாக இரண்டு ஆர்டர்கூடக் கிடைத்தது. அவர் நஷ்டப்படப் போனால் வழியில் லாபம் எதிரே வந்து வணக்கம் சொல்லும். அப்படி ஒரு ஜாதகம்.

கழற்றிய பூட்டுகளை ஒரு சாக்கில் கட்டி, கல்லாவுக்குப் பின்னால், ஒரு பழைய போர்வைக்கு அடியில் வைத்தார். உருக்கிவிட வேண்டும் என்று திட்டம். அதற்குள் உலையில் விரிசல் விட்டிருந்தது. மூக்கன் புது மண் பூசிக் காயப்போட்டிருந்தார். மழையில் அது காயவில்லை. பின்கட்டில் வைத்தால் வேலையாட்கள் பார்ப்பார்கள், காண்ட்ராக்டர் காதுக்குப் போகும், அங்கிருந்து குழுவுக்குப் போகும். அதனால்தான் கல்லாவுக்குப் பின்னால்.

மனைவியிடம் அவர் சொன்னது ஒரே வரி: “அந்தச் சாக்கு உருக்கறதுக்கு. தொடாதே.” காரணம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் ஆயுசு முழுக்கச் சொல்லிக்காட்டியிருப்பாள். கல்லாவில் அவரைவிட அவள் கெட்டிக்காரி. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தன் முட்டாள்தனத்தை அவள் கையில் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

இதில் அந்தக் குடும்பத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கண்ணாடி அலமாரியில் இருப்பது கண்டவனுக்கெல்லாம். நல்ல சரக்கு எப்போதும் கண்ணில் படாத இடத்தில்தான் இருக்கும். போர்வைக்கு அடியில், சாக்கில், கல்லாவுக்குப் பின்னால். வாடிக்கைக்காரர் மூன்று தரம் கெஞ்சினால் அரைமனசாக வெளியே வரும். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். அந்த வீட்டுப் பிள்ளைகள் அதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். மருமகளாக வந்தவளும் ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டாள்.

கடைக்காரருக்கு ஒரு அக்கா. அவளும் அந்தக் கல்லாவுக்குப் பக்கத்தில் வளர்ந்தவள்தான். பெண் என்பதால் கடை தம்பிக்குப் போயிற்று. அவள் ஒரு பழைய வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். அவள் புருஷன் சாது. வீட்டின் ஒவ்வொரு கதவுக்கும் வயசு சொல்வார்; பெண்டாட்டியின் வயசைக் கேட்டால் யோசிப்பார். இப்போது அந்த வீட்டிலும் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. நாள் முழுக்க ஆட்கள் மாடிக்கும் கீழுக்கும் நடந்தார்கள். அக்காவுக்கு மத்தியானம் படுக்காவிட்டால் ஆகாது. நெஞ்சுக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். அறைக்கு நல்ல பூட்டு வேண்டும் என்று கடைக்கு வந்தாள். கடைக்காரர் அப்போது வெளியே போயிருந்தார்.

“வாங்க அண்ணி. இதைப் பாருங்க, புதுசா வந்த பூட்டு” என்றாள் மனைவி.

“புதுசுன்னு அது மூஞ்சியிலேயே எழுதியிருக்கே. எனக்கு எங்க மாமியார் மூஞ்சி மாதிரி வேணும்.”

“அவ்வளவு கடுகடுன்னா?”

“அவ்வளவு பழசா. எங்க வீட்டுக்காரர் வேற, கதவுக்குப் பொருந்தலைன்னா ராத்திரி தூங்க மாட்டார்.” சொல்லிக்கொண்டே அக்கா எட்டிப் பார்த்தாள். “அது என்ன, போர்வைக்கு அடியில?”

“ஐயோ, அது அவரோடது. உருக்கப் போறாராம்.”

“உருக்கறதை உலைக்குப் பக்கத்துலதானே வைப்பான்? எதுக்குடி கல்லாவுக்குப் பின்னாடி போர்வை போத்தி வச்சிருக்கான்?”

மனைவியின் மனசுக்குள்ளும் நாலைந்து நாளாக அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. எவனோ பெரிய புள்ளிக்காக ஒதுக்கி வைத்திருக்கிறார், தனக்குத் தெரியாமல் தனியாகப் பேரம் பேசப் பார்க்கிறார் என்று அவள் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தாள்.

“ஒண்ணே ஒண்ணு பாத்துட்டு வச்சிடறேன்” என்றாள் அக்கா.

“அவர் வந்தா என்னைத் தொலைச்சிடுவார்.”

“அவனுக்கு மூக்கு சிந்திவிட்டவ நான். எடு.”

சாக்கைப் பிரித்தார்கள். உள்ளேயிருந்து பொங்கிய பச்சை வெளியே கசிந்து, பூட்டுகள் முன்னைவிட அழகாயிருந்தன. அக்கா ஒன்றை எடுத்து முந்தானையால் துடைத்தாள். மனைவி சாவித் துளையில் எண்ணெய் விட்டுச் சாவியைத் திருப்பினாள். முதலில் முரண்டு பிடித்தது. இரண்டாம் தரம் வெண்ணெயாகத் திரும்பிற்று.

அதற்குப் பிறகு நடந்த பேரத்தை எதிர்க்கடைக்காரர் தன் வியாபாரத்தை விட்டுவிட்டு நின்று பார்த்தார். அக்கா இரண்டு தரம் கோபித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். மனைவி இரண்டு தரம் “போறவங்க போகட்டும்” என்று கணக்கில் ஆழ்ந்த மாதிரி இருந்தாள். மூன்றாம் தரம் இருவரும் ஒரே சமயத்தில் சிரித்துவிட்டார்கள். பூட்டு அக்காவின் பைக்குள் போயிற்று.

சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி பெருமையாகச் சொன்னாள். “சாக்குல இருந்ததுல ஒண்ணை அண்ணிக்குத் தள்ளிட்டேன். நீங்க யாருக்காக ஒளிச்சு வச்சீங்களோ, அவன் இந்த விலை குடுத்திருக்கவே மாட்டான்.”

கடைக்காரர் கையைத் தட்டிலேயே உதறினார். “எந்தச் சாக்கு?” என்று கேட்டார், அந்த வீட்டில் பத்துச் சாக்கு இருப்பது போல.

கை கழுவாமல் அக்காவுக்குப் போன் போட்டார்.

“அக்கா, அந்தப் பூட்டைத் திருப்பிக் குடுத்துடு. நாளைக்கு வேற தரேன்.”

“ஏன், பெரிய கிராக்கி வந்துட்டானா?”

“அது சரியில்லை. ரிப்பேர்.”

“ரிப்பேரா? திருப்பிப் பாத்துட்டுத்தானே வாங்கினேன்.”

“காசு வேணாம் அக்கா. திருப்பித் தந்துட்டு புதுப் பூட்டை சும்மா எடுத்துக்கோ.”

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். “நீ சும்மா தரேன்னு சொல்றியா? அப்ப இது நிஜமாவே அசல்தான். போனை வைடா.”

காலையில் நல்ல பூட்டு ஒன்றையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துக்கொண்டு நேரே போனார். அக்கா மாடியறையில் இருந்தாள். பூட்டைக் கதவில் மாட்டியாகிவிட்டது. அவர் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, நடந்ததை நடந்தபடி சொன்னார். மாட்டிவிட்டு முக்கியதை, உள்ளே அமிலம் நின்றதை, ஒரு பூட்டு பொடியாகிப் போனதை, எல்லாவற்றையும்.

அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டாள். சின்ன வயசில் கடையில் யாராவது சரக்கின் குறையைச் சொல்லும்போது அப்பா அப்படித்தான் கேட்பார்.

“மத்த வீட்டுக்காரங்களுக்கு என்ன சொல்லிக் கழட்டின?”

“இலவச சர்வீஸ்னு சொன்னேன்.”

“ஊருக்கெல்லாம் பொய், எனக்கு மட்டும் நிஜமா? நல்லாயிருக்குடா கதை.”

“அக்கா, சத்தியமா.”

“நீ வாங்கப் போற எடத்துல எல்லாம் இப்படித்தானே சொல்லுவே? ‘உள்ளே இத்துப்போச்சு, உளுத்துப்போச்சு, எடைக்குப் போடு’ன்னு. உனக்கு அந்த ராகத்தைச் சொல்லிக்குடுத்ததே நம்ம அப்பாதானே?” அவள் எழுந்து சாவியைத் திருப்பினாள். நாக்கு சத்தமில்லாமல் வந்தது, போயிற்று, வந்தது. “இதுவா இத்துப்போனது?”

அவரே பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு நன்றாகத் திரும்பியது. ஒரு விநாடி அவருக்கே சந்தேகம் வந்தது.

“சரி, ஒண்ணு செய்” என்றாள் அக்கா. “கீழே அத்தான்கூட குழுத் தலைவர் உக்காந்திருக்கார். அவர் முன்னாடி வந்து இதே வார்த்தையைச் சொல்லு. நானே கழட்டி உன் கையில குடுக்கறேன்.”

அவர் மாடிப்படியின் பாதி வரை இறங்கினார். கூடத்தில் குழுத் தலைவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். அத்தான் ஏதோ ஒரு ஜன்னலின் வயசைச் சொல்லிக்கொண்டிருந்தார். குழுத் தலைவர் நிமிர்ந்து பார்த்து, “அடடே, நம்ம பழசு!” என்று சிரித்தார். அந்த ஒரு ஆள் தலையாட்டினால் ஊரிலுள்ள பழைய வீட்டுக் கதவெல்லாம் இவர் கடைக்கு வரும். ஆட்டாவிட்டால் கடையில் நாற்காலி மட்டும்தான் மிஞ்சும்.

கடைக்காரர் கும்பிட்டார். சிரித்தார். திரும்பி மேலே வந்தார்.

“என்னடா, சொல்லியாச்சா?”

“அப்புறம் பேசிக்கலாம். அதுவரைக்கும் பூட்டாதே. சும்மா சாத்தி வச்சுக்கோ. எனக்காக.”

“சரி, பூட்டலை, போ” என்றாள். ‘இதுக்கு மேல ஒரு பைசா ஏத்த மாட்டேன்’ என்று சொல்லும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. அந்த முகத்தின் அர்த்தம் அவருக்குத் தெரியும். ஸ்க்ரூடிரைவர் சட்டைப்பையிலேயே இருந்தது. அதோடு வீட்டுக்குத் திரும்பினார்.

மழை விடாமல் பெய்தது. உலை காயவில்லை. இரண்டொரு தரம் போனில் கேட்டார். “பூட்டறதே இல்லை” என்றாள் அக்கா. அவர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். தள்ளிப்போட்ட விஷயம் நாளாக நாளாகச் சின்னதாகத் தெரியும். அவருக்கும் அப்படித்தான் தெரிந்தது.

ஒரு மத்தியானம் அத்தான் போன் செய்தார். பதற்றத்திலும் அவர் குரல் உயரவில்லை. “மாப்ளே, உங்கக்கா உள்ளேயிருந்து கதவைத் திறக்க முடியலைங்கறா. நெஞ்சு வலிக்குதாம். டாக்டருக்குச் சொல்லிட்டேன். நீ வாயேன்.”

மூக்கனையும் கருவிப் பையையும் அள்ளிக்கொண்டு ஓடினார். மாடியில் பூச்சு வேலைக்காரர்கள் கதவைச் சுற்றி நின்றிருந்தார்கள். தோளால் இடித்துப் பார்த்துத் தோற்றுப்போயிருந்தார்கள். அந்தக் கதவு அந்தக் காலத்து மரம். அதன் வயசை அத்தான் எத்தனையோ தரம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

“அக்கா!”

“வந்துட்டியா?” குரல் கதவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. “சாவி சும்மா சுத்துதுடா. நாக்கு வரலை.”

“பூட்டு உன் பக்கம் இருக்கு, ஸ்க்ரூவும் உன் பக்கம்தான் இருக்கு. ஜன்னல் வழியா ஆளை அனுப்பறேன். கழட்டிடு.”

வெளிச்சுவரில் ஏணி சாத்தி ஒரு பூச்சுக்காரர் ஏறினார். ஜன்னல் கம்பிகளுக்குள் தலை நுழையாது, உடைக்கவும் முடியாது. அந்த வீட்டில் கதவைப் போலவே கம்பிகளும் அசல். ஸ்க்ரூடிரைவரையும் மாத்திரையையும் உள்ளே நீட்டினார். அக்கா எழுந்து போய் வாங்கிக்கொண்டாள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுபடி கதவுக்கு வந்தாள். உலோகம் உலோகத்தில் வழுக்குகிற சத்தம் வெளியே கேட்டது. ஒரு தரம், இன்னொரு தரம்.

“பிடிக்க மாட்டேங்குது. ஸ்க்ரூ தலையில வெட்டே இல்லை. எல்லாம் மழுங்கியிருக்கு.”

மூக்கன் கடைக்காரரைப் பார்த்தார். ஸ்க்ரூக்களையும் பூட்டோடு சேர்த்துத்தான் முக்கியிருந்தார்கள். புது ஸ்க்ரூவின் வெட்டு கூர்மையாக இருந்தால் கிழட்டுப் பூட்டில் உறுத்தும் என்று சொன்னவர் கடைக்காரர்தான். மாட்டும்போது மிச்சமிருந்த வெட்டையும் உள்ளேயிருந்து கசிந்த அமிலம் தின்றிருந்தது.

“கதவை அறுங்க” என்றார் அத்தான். யாரும் அசையாததைப் பார்த்து, அவரைக் கல்யாணம் செய்த நாளிலிருந்து அக்காகூடக் கேட்டிராத குரலில் கத்தினார்: “அறுங்கடா!”

மூக்கன் பூட்டைச் சுற்றி உளியை வைத்து அடிக்கத் தொடங்கினார். மரம் கல்லாக இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் நகக்கண் அளவுதான் பெயர்ந்தது. பூச்சுக்காரர்களில் ஒருவர் மரமறுக்கிற வாள் தேடி ஓடினார். கடைக்காரர் கதவிடுக்கில் வாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“இதோ ஆச்சு அக்கா. பேசிட்டே இரு.”

“பேசறது உன் வேலை.” மூச்சு வாங்கினாள். “டேய்.”

“சொல்லு.”

“அன்னிக்கு நிஜமாத்தான் சொன்னியா?”

“நிஜமாத்தான் அக்கா.”

உளிச் சத்தத்துக்கு நடுவில் அவர் காத்திருந்தார்.

“அப்ப அதை ஏன்டா அந்தக் குரல்ல சொன்னே?”

அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் எப்போதும் இருக்கும். அன்று தேடிப் பார்த்தார். ஏணியிலிருந்த பூச்சுக்காரர் வெளியிலிருந்து கத்தினார்: “அம்மா தரையில உக்காந்துட்டாங்க!” கொஞ்சம் கழித்து, மெதுவாக, “சாஞ்சுட்டாங்க” என்றார்.

டாக்டர் படியேறி வந்தபோது வாள் பாதி மரத்தில் இருந்தது. கதவு திறந்தபோது டாக்டருக்கு அதிக வேலை இருக்கவில்லை.

மறுநாள் வீடு முழுக்க ஜனம். கடைக்காரரின் மனைவி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். யார் பேசினாலும் நிமிரவில்லை. மூக்கனிடமிருந்து விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது. காலையில் புருஷனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: “உருக்கறதுக்குன்னு ஏன் சொன்னீங்க? விஷம்னு சொல்லியிருக்கலாமே?” அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை.

குழுத் தலைவர் வந்து அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மாடிக்குப் போனார். அறுத்துத் தள்ளிய கதவு சுவரோரம் சாய்ந்திருந்தது. பூட்டும் அதைச் சுற்றி அறுபட்ட மரமும் நிலைச்சட்டத்தில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. நாக்கு இன்னும் பிடியை விடவில்லை.

கடைக்காரர் பின்னாலேயே ஏறி வந்தார். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி, தெளிவாகச் சொன்னார். “அது நான் பண்ண பூட்டு. உள்ளே அமிலம் வச்சு மூடிட்டேன். தெரிஞ்சும் அன்னிக்கு இந்தப் படியில நின்னு உங்ககிட்ட சொல்லலை. சொல்லியிருந்தா அவ கழட்டிக் குடுத்திருப்பா. நான்தான் கொன்னேன்.”

குழுத் தலைவர் அவர் தோளில் கை வைத்தார். “துக்கத்துல மனசு இப்படித்தான் தன்னையே குத்தும். விட்டுடுங்க. பூட்டு என்ன பண்ணும்? நெஞ்சு வலி வந்தா கதவு திறந்திருந்தாலும் அதேதான்.”

“இல்லை சார். நிஜமாத்தான் சொல்றேன்.”

“தெரியும், தெரியும்.” குழுத் தலைவரின் விரல் தன்னையறியாமல் பூட்டின் விளிம்பைத் தடவிற்று. மரமெல்லாம் சிதறியிருந்தது, பித்தளையில் ஒரு கீறல் இல்லை. அவர் குரலைத் தாழ்த்தினார். “இவ்வளவு உறுதியா வார்க்க இன்னைக்கு ஆள் கிடையாது. எங்க கட்டடத்துக்கே நாப்பது கதவு இருக்கு. இப்ப பேசற நேரமில்லை. அப்புறம் பேசிக்கலாம்.”

கூடத்தில் அத்தான் மட்டும் தலையை நிமிர்த்திக் கடைக்காரரைப் பார்த்தார். ஒரு கதவின் வயசைக் கணக்குப் போடுகிற மாதிரி வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து, மேலே வந்து, நிலைச்சட்டத்திலிருந்து அந்தத் துண்டைப் பெயர்த்து எடுத்து, கடைக்காரர் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் கடைக்காரரை வாவென்றும் சொல்லவில்லை, போவென்றும் சொல்லவில்லை.

உலை காய்ந்திருந்தது. மூக்கன் நெருப்பை ஊதிவிட்டார். சாக்கிலிருந்த பூட்டுகள் ஒவ்வொன்றாக உள்ளே விழுந்தன. கடைசியில் மூக்கன் கையை நீட்டினார். கடைக்காரர் மடியிலிருந்த பூட்டில் சாவி இன்னும் மாட்டிக்கொண்டிருந்தது. அவர் ஒரு தரம் திருப்பினார். சும்மா சுற்றியது.

“குடுங்க மொதலாளி.”

கொடுத்தார். மரம் முதலில் பற்றிக்கொண்டது. பிறகு பித்தளை சிவக்க, உள்ளேயிருந்து சுரீரென்று நெடி கிளம்பிற்று. கடைக்காரருக்கு இருமல் வந்தது, கண்ணில் நீர் கொட்டியது, எழுந்து போகவில்லை. மூக்கன் பக்கத்திலேயே நின்று, ஒன்றும் தெரியாமல், அது உருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.